உயர்விலைக் கணினியும் மூத்த செயலியும்

நெல் வாங்குவோர் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பர்; மாடு வாங்குவோர் அதன் பல்லைப் பிடித்துப் பார்ப்பர்; படகு வாங்குவோர் அதன் அடிப்புறத்தைத் தட்டிப் பார்ப்பர். இவ்வாறு பார்க்கும் வழக்கம் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த அறிவாகும். மடிக்கணினியோ நேற்று வந்த பொருள். அதனைத் தட்டிப் பார்த்தும் தடவிப் பார்த்தும் அதன் தரத்தை உணர்தல் இயலாது. ஆதலின், அதனை வாங்கப் புகுவோர் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதைக் கண்டு மகிழ்ந்து, கண்ணுக்குத் தெரியாததை விற்போரின் சொல்லுக்கு விட்டுவிடுகின்றனர்.

மாணவர்களே! அங்ஙனம் விட்டுவிடத் தகாத வினா ஒன்றை இப்பாடத்தில் ஆராய்வோம். பெயர் பெற்ற நிறுவனம் ஒன்று செய்த மடிக்கணினி இருக்கிறது. அதன் உடல் உலோகத்தால் ஆனது, திரை தெளிவானது, விசைகள் மெத்தென்று அமைந்தவை. ஆயினும், அதனுள் இருக்கும் செயலி பல ஆண்டுகட்கு முற்பட்டது. அத்தகைய கணினியைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கலாமா, ஆகாதா? கைப்பேசியில் உள்ள ஆப்புகளையும் இக்காலத்தார் செயலி என்று வழங்குவர். ஈண்டு யான் செயலி என்பது, கடைக்காரர் பிராசசர் எனக் குறிக்கும் உள்ளுறுப்பினையே என்று அறிக.

இவ்வினா செல்வர்க்கு விளையாட்டு; ஏழையர்க்கு வாழ்க்கை. திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், பழவேற்காட்டு ஏரியை அடுத்து அமைந்த ஊர் காட்டூர். பழவேற்காட்டு ஏரி இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகை ஏரிக்கு அடுத்த பெருமை உடையது. முகத்துவாரம் திறந்திருக்கும் காலத்தில் கடல்நீர் உட்புகும். இறாலும் நண்டும் மடவையும் பெருகும். மணல் சேர்ந்து முகத்துவாரம் தூர்ந்துவிடின், மீன் வரத்துக் குன்றும். வலைஞர் வருவாயும் குன்றும். இத்தகைய நிலையற்ற வருவாயிலிருந்து எடுத்து வைக்கும் பணத்தைக் கொண்டுதான் இக்கரையோர்த் தம் மக்களுக்குக் கணினி வாங்க வேண்டியவராயுள்ளனர். தவறான கணினி ஒன்றை வாங்கினால், மறு கணினி வாங்குதற்கு எத்தனை ஆண்டு காத்திருத்தல் வேண்டுமோ, யார் அறிவார்?

அரசும் இத்தேவையை உணர்ந்தே உள்ளது. 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், இதே திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கப் பெற்றது. கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என 2025-26ஆம் ஆண்டின் தமிழக வரவு செலவுத் திட்டம் அறிவித்தது. எனினும், அரசின் கணினி வரும் முன்னரே படிப்புத் தொடங்கிவிட்டோரும், அத்திட்டத்துள் அடங்காதோரும் தம் கைப்பொருளைக் கொண்டே வாங்கல் வேண்டும். அவர்க்கே இவ்வாராய்ச்சி மிகவும் பயன்படும்.

காட்டூரில் எனக்கு அறிமுகமான வலைஞர் ஒருவர், கல்லூரியில் சேர்ந்த தம் மகளுக்காகக் கணினி ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். சென்னை ரிச்சி தெருவில் அதனைக் கண்டதாகக் கூறினார். “ஐயா! நல்ல நிறுவனத்துப் பொருள். புதிதாக வந்தபோது இலட்ச ரூபாய்க்கு மேல் விற்றதாம். இப்போது பாதி விலைக்கும் குறைவாகத் தருகிறார்கள். செயலி மட்டும் கொஞ்சம் பழையது என்கிறார்கள். படகின் உடல் நன்றாக இருந்தால் போதாதா? எஞ்சினைப் பிறகு மாற்றிக்கொள்ளலாமே!” என்றார்.

அவர் கூறிய உவமை அறிவுடைய உவமையே. ஏரியிலும் கடலிலும் செல்லும் பைபர் படகுகளை எண்ணிப் பாருங்கள். படகின் உடல் வேறு. அதன் பின்புறத்தில் பூட்டிய எஞ்சின் வேறு. உடல் உறுதியாக இருப்பின், பழைய எஞ்சினைக் கழற்றிப் புதிய எஞ்சினைப் பூட்டலாம். ஆகவே, நல்ல உடலும் பழைய எஞ்சினும் உடைய படகை வாங்குவோர் ஏமாந்தவர் ஆகார்.

ஆனால், இவ்வுவமை மடிக்கணினிக்குப் பொருந்தாத இடம் ஒன்று உண்டு. அவ்விடமே நம் வினாவுக்கு உயிர்நிலை. பத்து ஆண்டுகளாக வரும் மடிக்கணினிகளில், செயலி பெரும்பாலும் தாய்ப்பலகையோடு ஈயப்பற்று வைத்து ஒட்டப்பட்டே வருகின்றது. அதனைக் கழற்றி வேறொன்றை வைத்தல் வீட்டிலோ தெருக்கடையிலோ ஆகும் செயல் அன்று. மெல்லிய உயர்விலைக் கணினிகள் பலவற்றில் ரேம் எனப்படும் நினைவகமும் அவ்வாறே ஒட்டப்பட்டுள்ளது. ஆகவே, செயலி மூப்படையின் கணினியே மூப்படைந்தது எனக் கொள்ளல் வேண்டும். “தம்பி, இஃது எஞ்சின் கழற்ற முடியாத படகு” என்று அவரிடம் கூறினேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, “அப்படியானால் உடலுக்கு விலை கொடுப்பது எதற்காக?” என்று வினவினார்.

அக்கேள்விக்கு நேர்மையாக விடை கூறுதல் கடமை. நல்ல உடலுக்கும் பயன் உண்டு. நாள்தோறும் பல நாழிகை படிக்கும் மாணவிக்குத் தெளிந்த திரை கண்ணுக்கு இதமளிக்கும். நன்கமைந்த விசைப்பலகை விரலுக்கு நோவு தராது. பேருந்திலும் தொடர்வண்டியிலும் பையில் இடித்துச் செல்லும் கணினிக்கு உறுதியான கீலும் சட்டமும் வேண்டும். மலிந்த கணினிகளில் கீல் முறிந்து திரை பிளந்து போதலை நாம் காண்கிறோம். ஆதலின், உயர்விலைக் கணினி முற்றும் பகட்டு என்று தள்ளுதல் நடுநிலை ஆகாது. ஆயினும் ஒன்று: உவர்க்காற்று வீசும் கடற்கரையில் உலோகமும் அரிபடும். உடல் உறுதியானது என்பதனால் மட்டும் உள்ளே இருக்கும் பலகையை உப்பு தீண்டாது என்று எண்ணற்க.

இனி, செயலி ஏன் இவ்வளவு விரைவில் மூப்படைகின்றது என்பதைக் காண்போம். 1971ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் செயலியில் இருந்த டிரான்சிஸ்டர்கள் ஏறத்தாழ 2,300. ஆப்பிள் நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட எம்1 என்னும் செயலியிலோ அவை 1,600 கோடி. ஒரு சில்லில் அடங்கும் உறுப்புகளின் தொகை குறித்த காலத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் என 1965இல் கார்டன் மூர் என்பார் கூறினார். அக்காலம் ஏறத்தாழ ஈராண்டு என 1975இல் திருத்தியும் உரைத்தார். பல்லாண்டுகள் இத்தொழில் அக்கணிப்பை ஒட்டியே நடந்தது. இவ்வளர்ச்சியின் பயனாக, நேற்றைய தலைமைச் செயலியை இன்றைய இடைநிலைச் செயலி வென்றுவிடுகின்றது.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இன்டெல் நிறுவனத்தின் ஐ7-7500யூ என்னும் செயலி 2016இல் வந்தது; ஐ5-8250யூ என்பது 2017இல் வந்தது. ஐ7 என்பது ஐ5 என்பதனினும் உயர்ந்தது என்றே பலர் எண்ணுவர். ஆனால், முன்னதில் இருந்த கருக்கள் இரண்டு. பின்னதில் இருந்தவை நான்கு. ஓராண்டு இடைவெளியில் தம்பி அண்ணனை விஞ்சினான்! எனவே, ஐ7 என்னும் ஒட்டுச்சீட்டைக் கண்டு மயங்குதல் கூடாது. அதனை அடுத்து வரும் எண்ணே அதன் தலைமுறையைச் சொல்லும். 7500 என்பதில் முதல் எண் 7. அஃது ஏழாம் தலைமுறை. 8250 என்பதில் முதல் எண் 8. அஃது எட்டாம் தலைமுறை. 1135 எனத் தொடங்கின் அது பதினோராம் தலைமுறை. நெல்லைத் தேய்த்துப் பார்த்தல்போலக் கணினி வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டுவது இவ்வெண்ணையே.

இங்கு ஒரு தடை எழும். “பழையது என்பதாலேயே ஒன்று தீயது ஆகுமா?” என்று சிலர் கேட்பர். அவர்தம் கேள்வி புறக்கணிக்கத் தக்கதன்று. 1977ஆம் ஆண்டில் விண்ணுக்குச் சென்ற வாயேசர் கலத்தின் கணினிகளில் உள்ள நினைவகம் ஏறத்தாழ 70 கிலோபைட்டே. நம் கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்தைக்கூட அதில் வைத்தல் இயலாது. ஆயினும், அக்கலம் அரை நூற்றாண்டை நெருங்கியும் கதிரவக் காற்று மண்டலத்தின் எல்லைக்கு அப்பாலிருந்து செய்தி அனுப்பும் திறம் பெற்றிருந்தது. 2021 பிப்ரவரியில் செவ்வாய்க் கோளில் இறங்கிய பெர்சிவியரன்ஸ் ஊர்தியின் மூளையும், 1998இல் வந்த ஐமேக் கணினியின் செயலிக் குடும்பத்தைச் சேர்ந்ததே. பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே கிடக்கும் திருவரிக்கோட்டையிலிருந்து ஏவுகலங்கள் எழுதலைக் கண்டு வளரும் பிள்ளைகளுக்கு இச்செய்தி வியப்பும் மகிழ்ச்சியும் தரும்.

ஆனால், அவ்விண்கலத்துக்கும் நம் மடிக்கணினிக்கும் உள்ள வேறுபாட்டை உணர்தல் வேண்டும். விண்கலத்தின் பணி புறப்படும் முன்னரே வரையறுக்கப் பெற்றது. அதற்கென்றே எழுதிய கட்டளைகளை மட்டும் அது செய்யும். அதனை ஆக்கியோரே இறுதிவரை அதனைப் பேணுகின்றனர். இணையத்தில் திரியும் கள்வர் எவரும் அதன் வாயிலில் வந்து நிற்பதில்லை. மாணவர் கணினியோ நாள்தோறும் வளரும் இணையப் பக்கங்களைத் திறக்கின்றது. வங்கிக் கணக்கையும் தேர்வு விண்ணப்பத்தையும் தாங்குகின்றது. கள்வர் நடமாடும் தெருவில் கதவு வைத்த வீடாக நிற்கின்றது. அக்கதவின் தாழ் காலத்துக்குக் காலம் பழுது பார்க்கப்படுதல் வேண்டும். அப்பழுது பார்த்தலையே பாதுகாப்புப் புதுப்பிப்பு என்கிறோம். செயலி மூப்படைவதனால் வரும் பெருந்தீங்கு வேகக் குறைவு அன்று. புதுப்பிப்பு நின்றுபோதலே ஆகும்.

இதனை நிகழ்ச்சிகளைக் கொண்டே நிறுவுவோம். விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் தந்துவந்த பொதுப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிந்தது. தனியே பதிந்துகொண்ட வீட்டுப் பயனர்க்கு மட்டும் மேலும் ஓராண்டு நீட்டிக்கப்பட்டது. அதனை அடுத்து வந்த விண்டோஸ் 11, இன்டெல் செயலிகளுள், ஒரு சில விலக்கு நீங்கலாக, எட்டாம் தலைமுறையையும் அதற்குப் பிற்பட்டவற்றையுமே முறைப்படி ஏற்கின்றது. ஆகவே, இலட்ச ரூபாய்க்கு விற்ற ஏழாம் தலைமுறைக் கணினிக்கு வாயில் அடைபட, அதன் பின் வந்த எளிய கணினிக்கு வாயில் திறக்கின்றது. அவ்வாயிற்காவலன் உலோக உடலையும் நிறுவனத்தின் பெயரையும் கேட்பதில்லை. செயலியின் தலைமுறையையே கேட்கின்றான்.

உயர்விலைக்குப் பெயர் பெற்ற ஆப்பிள் நிறுவனத்தின் பொருள்களிலும் இவ்வுண்மை விளங்கும். 2017இல் அந்நிறுவனம் வெளியிட்ட மேக்புக் ஏர் கணினியில் இருந்த செயலி, 2015இல் வந்த ஐந்தாம் தலைமுறையைச் சேர்ந்தது. அக்கணினி 2019 ஜூலை வரை விற்கப்பட்டது. 2022இல் வென்சுரா என்னும் இயங்குதளம் வந்தபோது அக்கணினிக்கு அதில் இடமில்லை. 2019இல் புதிதென வாங்கியோர்க்கு மூன்றே ஆண்டில் இந்நிலை நேர்ந்தது.

இதனினும் தெளிவான சான்று மற்றொன்று உண்டு. 2020ஆம் ஆண்டில் மேக்புக் ஏர் இருமுறை வெளிவந்தது. மார்ச்சில் வந்தது இன்டெல் செயலியை உடையது. நவம்பரில் வந்தது எம்1 செயலியை உடையது. இரண்டின் உருவமும் ஏறத்தாழ ஒன்றே, திரையின் அளவும் ஒன்றே, ஆண்டும் ஒன்றே. ஆயினும், 2025இல் டாஹோ என்னும் இயங்குதளம் வந்தபோது மார்ச்சுக் கணினி வெளியே நின்றது. நவம்பர்க் கணினி உள்ளே சென்றது. பழைய பொருள் விற்கும் கடையில் இவ்விரண்டும் அருகருகே இருப்பின், உடலை மட்டும் நோக்குவோர் இரண்டுக்கும் ஒரே விலை கொடுத்துவிடுவர் அன்றோ?

இச்சான்று நமக்கு இரண்டு உண்மைகளைப் புகட்டுகின்றது. உடலின் அழகு ஆயுளுக்குச் சான்றன்று என்பது ஒன்று. ஆண்டின் கணக்கு மட்டுமே மூப்புக்கு அளவன்று என்பது மற்றொன்று. எம்1 செயலி ஐந்தாண்டு கழிந்தும் மாணவர் பணிக்கு நன்கு உழைப்பதாகவே இருந்தது. ஆதலின், “பழைய செயலி ஆகாது” என்று பொதுப்பட உரைத்தல் பிழை, “எஞ்சிய ஆயுள் எத்துணை?” என்று கேட்டலே முறை.

பழவேற்காட்டு வலைஞர்க்கு இக்கணக்குப் புதிதன்று. இவ்வேரியில் பாடு என்னும் முறை வழிவழியாக நிலவுகின்றது. இன்ன குடியார் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை கட்டலாம் என ஊரார் கூடி வகுத்துக்கொள்வர். மீன் மிகும் இடமேயாயினும், தமக்குரிய நாள் கழிந்துவிடின் அவ்விடத்தால் பயனில்லை. கணினிக்கும் அவ்வாறே நாள் வகுக்கப்பட்டுள்ளது. வாங்கும் நாளில் அதன் பாட்டில் எத்தனை நாள் எஞ்சியுள்ளது என்று பார்த்து விலை பேசுதல் வேண்டும்.

அதனைச் சிறு கணக்கொன்றால் விளக்குவோம். புதிய எளிய கணினி ஒன்றின் விலை 42,000 ரூபாய் எனவும், அஃது ஆறு ஆண்டு உழைக்கும் எனவும் கொள்வோம். ஓராண்டுக்கு ஆகும் செலவு 7,000 ரூபாய். மூத்த செயலியை உடைய உயர்விலைக் கணினியை 36,000 ரூபாய்க்குத் தருகின்றனர். அதற்கு எஞ்சிய ஆயுள் மூன்று ஆண்டு எனக் கொள்வோம். ஓராண்டுச் செலவு 12,000 ரூபாய் ஆகின்றது. முதற்பார்வையில் 6,000 ரூபாய் மிச்சம் எனத் தோன்றியது, உண்மையில் ஆண்டுதோறும் 5,000 ரூபாய் இழப்பாய் முடிகின்றது. அதே கணினி 18,000 ரூபாய்க்குக் கிடைத்து, புதிய பாட்டரிக்கு 3,000 ரூபாய் செலவானால், மொத்தம் 21,000, ஓராண்டுக்கு 7,000. அப்போது இரண்டும் ஒத்த நிலையை அடைகின்றன. நல்ல திரையும் உறுதியான உடலும் அதன்பின் ஊதியமாகக் கிடைக்கும். எண்கள் கடைக்குக் கடை மாறும். கணக்கிடும் முறை மாறாது.

பாட்டரியைப் பற்றியும் ஒரு சொல். லித்தியம் பாட்டரி உழைத்தாலும் தேயும். உழைக்காமல் பெட்டிக்குள் கிடந்தாலும் சிறிது சிறிதாகத் தேயும். எனவே, “பிரிக்காத பெட்டி” என்று கூறி விற்கும் பழைய சரக்கின் பாட்டரியும் புதியது ஆகாது. மாற்றும் செலவை விலையோடு சேர்த்தே எண்ணுக. வட்டுக்கு மாற்றாக வரும் எஸ்.எஸ்.டி. சேமிப்பகம் பல கணினிகளில் மாற்றத் தக்கது. ரேம் ஒட்டப்பட்டதாயின் மாற்ற இயலாது. ஆகவே, ஒட்டப்பட்ட நினைவகம் 8 ஜிகாபைட்டுக்குக் குறைந்த கணினியை, எத்துணைப் புகழ் பெற்றதாயினும், மாணவர் வாங்காதிருத்தல் நன்று.

ஏற்கனவே வீட்டில் இருக்கும் பழைய கணினியை எறிந்துவிட வேண்டும் என்று யான் கூறவில்லை. லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளம் மூத்த செயலிக்கும் இடந்தரும். சி-டாக் நிறுவனம் ஆக்கிய பாஸ் லினக்ஸ் நம் நாட்டிலேயே உருவானது. கேரளப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே கணினிக் கல்வி தருகின்றன. தமிழ்99 விசைப்பலகையில் கட்டுரை எழுதவும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நூல் படிக்கவும் பெரிய செயலி வேண்டுவதில்லை. ஆனால், கையில் உள்ளதைப் பேணுதல் வேறு. புதிதாகப் பொருள் கொடுத்து வாங்குதல் வேறு. முன்னது சிக்கனம், பின்னதில் ஆராய்ச்சி வேண்டும். மேலும், கல்லூரி கேட்கும் மென்பொருள் விண்டோஸில் மட்டுமே இயங்குமாயின், லினக்ஸ் அங்கு உதவாது. அதனைக் கல்லூரியிற் கேட்டறிந்த பின்னரே கடைக்குச் செல்லல் வேண்டும்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கின் என் முடிபு இதுவே: மூத்த செயலியை உடைய உயர்விலைக் கணினியை, புதிய கணினியின் விலைக்கு ஒத்த விலை கொடுத்து வாங்குதல் தகாது. அதன் இயங்குதளத்துக்கு இன்னும் மூன்று ஆண்டேனும் புதுப்பிப்புக் கிடைக்கும் என அறிந்து, படிப்புக்கு வேண்டும் மென்பொருள் அதில் இயங்கும் எனத் தெளிந்து, ஆண்டுச் செலவு எளிய புதுக்கணினியினும் மிகாது எனக் கணக்கிட்ட பின் வாங்குதல் தகும். இம்மூன்றனுள் ஒன்று குறையினும், எளிய உடலும் இளைய செயலியும் உடைய கணினியே மாணவர்க்கு ஏற்றது.

மாணவர்களே! உங்கள் பெற்றோர் ஏரியின் ஆழத்தைக் கோலிட்டு அறிவர். காற்றின் திசையைக் கண்ணால் அறிவர். மீன் வரவை நீரின் நிறத்தால் அறிவர். கணினியின் தலைமுறையை அவர்க்கு எடுத்துரைக்க வல்லவர் வீட்டில் நீங்களே. கடைக்குச் செல்லும்போது அவருடன் நீங்களும் செல்லுங்கள். பளபளக்கும் மூடியைத் திறந்து, செயலியின் எண்ணைப் படித்து, புதுப்பிப்பு முடியும் நாளைக் கேட்டு, ஆண்டுக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். இரவெல்லாம் நீரில் நின்று அவர் ஈட்டிய பொருளுக்கு நீங்கள் செய்யத்தக்க முதற்கைம்மாறு அதுவே ஆகும்.